எல்லைக்கோட்டுக்கு அகலம் உண்டு

வீட்டை இடிக்க வருகிறவன் கையில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தை வரைந்தவன் அன்றைக்கு அங்கே வருவதில்லை. வருவது தாசில்தாரும் போலீசும் ஜேசிபியும்தான். "இது எங்க முடிவு இல்லம்மா, மேப்புல அப்படி இருக்கு" என்று அவர்கள் சொல்கிறார்கள். முப்பது வருசமாக மண்ணைக் கொட்டி மேடாக்கி, வரி கட்டி, ஓட்டுப் போட்டு வாழ்ந்த சனம் அந்தப் படத்தின் முன்னால் வாயடைத்து நிற்கிறது. சாமி சொன்னதை எதிர்த்துக் கேட்கலாம் என்று பெரியாரும் அம்பேத்கரும் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மேப் சொன்னதை எதிர்த்துக் கேட்கலாம் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையோரக் குடியிருப்புகளை இடித்தார்கள். குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கீரப்பாக்கத்துக்கும் போகச் சொன்னார்கள். அப்போது கிளம்பிய கேள்விகள் எல்லாமே ஒரு படத்தைப் பற்றியவை. ஆறு எங்கே முடிகிறது? வீடு எங்கே தொடங்குகிறது? வீடு ஆற்றுக்கு உள்ளே இருக்கிறதா, ஆற்றைத் தொட்டுக்கொண்டு வெளியே இருக்கிறதா? எங்களை மட்டும் அளக்கிற கோடு பக்கத்து அடுக்குமாடியை ஏன் அளப்பதில்லை? உள்ளே, வெளியே, தொட்டு, மேலேறி என்பவை வெறும் பேச்சுவழக்குச் சொற்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கணினி வரைபடத் துறையில் இவற்றுக்கு இலக்கணம் உண்டு, சூத்திரம் உண்டு. அந்த இலக்கணம் தெரியாமல் இனி நிலப் போராட்டம் நடத்த முடியாது.

எட்டு உறவுகள்

கணினியில் நிலத்தை எழுத இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கோட்டுமுறை, அதாவது வெக்டர். மூலைக்கற்களைப் புள்ளிகளாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோட்டை மூடினால் ஒரு பரப்பு கிடைக்கும். நம் சர்வேயர் வரைந்த புல வரைபடம் இந்தச் சாதி. இரண்டாவது கட்டமுறை, ராஸ்டர். கோலம் போடுகிற கட்டத்தாளைப் போல நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு எண்ணைக் கொடுப்பது. இது தண்ணி, இது கட்டடம், இது புதர். செயற்கைக்கோள் எடுக்கிற படம் இந்த வகை.

இரண்டு பரப்புகள் ஒன்றுக்கொன்று எப்படி இருக்க முடியும் என்பதை 1991இல் எகன்ஹோஃபர், ஃபிரான்சோசா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்காக எழுதினார்கள். கோட்டுமுறையில் மொத்தம் எட்டு உறவுகள்: விலகி இருத்தல், தொடுதல், ஒன்றின்மேல் ஒன்று பாதி படிதல், சமமாக இருத்தல், உள்ளே இருத்தல், உள்ளடக்குதல், விளிம்பை ஒட்டியபடி உள்ளே இருத்தல், விளிம்பை ஒட்டியபடி உள்ளடக்குதல். ஒன்பதாவது இல்லை. இன்றைக்கு எந்த வரைபட மென்பொருளிலும் 'இந்த ஏரிக்குள் இருக்கும் வீடுகளைக் காட்டு' என்று பொத்தானை அழுத்தினால், உள்ளே ஓடுவது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கணக்குதான்.

இந்த எட்டில் 'தொடுதல்' என்றால் என்ன? இரண்டு பரப்புகளின் உட்புறங்கள் சேரக்கூடாது, விளிம்பு மட்டும் சேர வேண்டும். இந்த நாட்டில் இதை விளக்க ஒரு பேராசிரியரும் தேவையில்லை. ஊரும் சேரியும் அப்படித்தான் இருக்கின்றன. வேலைக்கு விளிம்பு வரைக்கும் வரலாம், உள்ளே வரக்கூடாது. கணிதம் 1991இல் சூத்திரமாக எழுதியதை நம் தாத்தனும் பாட்டியும் உடம்பால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டுக்கு அகலம் இல்லை என்பது பொய்

கோட்டுமுறையின் அடிப்படை நம்பிக்கை, எல்லைக்கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்பது. ஒரு பக்கம் ராமன் நிலம், மறுபக்கம் ஏரி. நடுவில் ஒரு மயிரிழைகூட இடமில்லை.

1993இல் அதே எகன்ஹோஃபர், சர்மா என்பவரோடு சேர்ந்து கட்டமுறையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அங்கே நிலைமை வேறு. கட்டத்தாளில் ஒரு பரப்பின் எல்லையும் கட்டங்களால் ஆனது. ஆகவே எல்லைக்கு அகலம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கத்துப் பரப்புகளின் எல்லைகள் ஒரே கட்டத்தில் விழலாம். பக்கம் பக்கமான கட்டங்களிலும் விழலாம். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மூன்றாவது ஒன்றைச் செருக முடியாது. அதனால் கோட்டுமுறையில் இருக்கும் எட்டுக்கும் மேலே, அங்கே நடக்கவே முடியாத உறவுகள் சில கட்டமுறையில் நடக்கின்றன. அதாவது, ஒரே குடிசைக்கும் ஒரே ஏரிக்கும் உள்ள உறவு, கோட்டில் கேட்டால் ஒரு பதில், கட்டத்தில் கேட்டால் வேறு பதில்.

இதை நம்ம ஊர்க் கணக்கில் போடுவோம். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், கிட்டத்தட்ட 9,700 சதுர அடி. 200 சதுர அடிக் குடிசைகள் 48 அதற்குள் அடங்கும். 48 குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். அதிலும் ஐந்து குடிசைகள் ஒரு புள்ளி. பாதி தண்ணி, பாதி வீடு என்று இருக்கும் கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? எது அதிகமோ அதன் பெயர். கோட்டைக் கட்டமாக மாற்றும்போது கட்டத்தின் நடுப்புள்ளி உள்ளே விழுந்தால்தான் உள்ளே என்று ஒரு விதி. கோடு லேசாகத் தொட்டாலே உள்ளே என்று இன்னொரு விதி. எந்த விதியைத் தேர்ந்தெடுப்பது என்பதை மென்பொருள் இயக்குகிறவர் ஒரு டிக் போட்டு முடிவுசெய்கிறார். ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு 10 மீட்டர்க் கட்டம் இந்தப் பக்கம் தள்ளி விழுந்தால், அது ஒரு எக்டேர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கரில் எத்தனை வீடு இருக்கும் என்று ஆற்றங்கரையில் குடியிருக்கிறவரைக் கேளுங்கள்.

"அப்படியானால் கோட்டுமுறை நல்லதுதானே தோழர்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தின் பழைய கிராமப் படங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அந்தத் தாளில் பேனா அரை மில்லிமீட்டர் தடிமனில் கோடு போட்டால், தரையில் அது இரண்டு மீட்டர். ஆறரை அடி. ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற இடம். 66 அடிச் சங்கிலியைப் பிடித்து அளந்து வரைந்த புலப்படங்களை, மடிந்து கிழிந்து சுருங்கிய பிறகு ஸ்கேன் செய்தார்கள். 'கொலாப்லேண்ட்' போன்ற மென்பொருளில் கோடாக மாற்றினார்கள். இப்போது அந்தக் கோடு திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மெலிசாகவே தெரிகிறது. தடிமனை மறைத்துக்கொண்ட கோடு, சந்தேகமே இல்லாத முகத்தோடு நீதிமன்றத்தில் வந்து நிற்கிறது.

இந்த அகலமில்லாக் கோடு என்கிற கற்பனையை நம் சனத்திடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த கோடு, 1989இல் கட்டிய சுவர். அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலையில் ஒரு சுவர் சரிந்து 17 தலித்துகள் செத்தார்கள். அந்தச் சுவர்களுக்கு அகலமும் உயரமும் எடையும் இருந்தன. எந்தச் சர்வே படத்தில் இவற்றுக்குத் 'தீண்டாமைச் சுவர்' என்று குறியீடு இருந்தது? மரத்துக்குக் குறியீடு உண்டு, கிணற்றுக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு.

சில்லும் பெரிய துண்டும்

இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கோடுகள் சரியாகப் பொருந்தாது. நடுவில் மெல்லிய சில்லுகள் கிடைக்கும். பழைய படத்தில் நத்தம், புதிய படத்தில் ஏரிக்கரை என்று இருக்கும் கீற்றுகள். கணினிக்காரர்களுக்கு இது குப்பை. துடைத்துச் சுத்தம் செய்ய மென்பொருளிலேயே ஒரு கருவி இருக்கிறது. அதன் வழக்கமான விதி என்ன தெரியுமா? சில்லை, பக்கத்தில் இருக்கும் பெரிய துண்டோடு, அல்லது அதிக நீளம் ஒட்டியிருக்கும் துண்டோடு சேர்த்துவிடு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதார் இருநூறு வருசமாகப் பின்பற்றிய விதியும் இதுதானய்யா! பெரியவனோடு சின்னதைச் சேர்த்துவிடு. 1891இல் அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைப் படித்தால் தெரியும். சேரி மனைக்கட்டுகூடப் பறையர் கையில் இல்லை, கூலி உயர்த்திக் கேட்டால் வீட்டைக் காலி செய் என்று மிரட்ட முடியும் என்ற நிலையை அவர் எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. தாம்பரம், பல்லாவரம், சேலையூர் எல்லாம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்.

அந்தப் பஞ்சமி நிலம் எங்கே போயிற்று? கணினி மொழியில் சொன்னால், வரைபடத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று வடிவம், இன்னொன்று அட்டவணை. வடிவம் எங்கே என்று சொல்லும். அட்டவணை யாருடையது, என்ன நிபந்தனை என்று சொல்லும். பஞ்சமி நிலத்தின் உயிர் அட்டவணையில் இருந்தது: தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற ஒரு வரி. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுத் திருத்தத்தில் அந்த ஒரு வரி ஏராளமான கிராமங்களில் காணாமல் போனது என்பது பஞ்சமி நிலப் போராளிகள் தொடர்ந்து சொல்லிவரும் குற்றச்சாட்டு. கோடு அப்படியே இருக்கும், கோட்டுக்குச் சொந்தக்காரன் மறைந்துபோவான். காரணை நிலத்தை மீட்கக் கிளம்பிய சனத்தின் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அட்டவணையில் அழிந்த ஒரு வரிக்காகக் கொடுத்த உயிர்கள் அவை. இன்றைக்கு நிலப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது, எண்பதுகளில் திருத்திய பதிவேட்டை ஏற்றுகிறார்களா, 1892க்குப் பிந்தைய மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஏற்றுகிறார்களா? பதில் சொல்ல வேண்டியவர்கள் மவுனமாக இருக்கிறார்கள்.

சதுப்புக்குள் யார்?

தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரித் தண்ணீர் கிழக்கே ஓடி பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு. தண்ணீருக்கு நகராட்சி எல்லை தெரியாது. பள்ளிக்கரணையை 2022இல் ராம்சார் தலமாக அறிவித்தார்கள். பரப்பு 1,247.54 எக்டேர். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை துல்லியம்! ஆனால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் காப்புக்காடு. மீதிக்குள் எந்தப் புல எண் வருகிறது, எது வரவில்லை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடிகிறவரை தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி கூடாது என்றது. முதலில் அறிவிப்பு, அப்புறம் எல்லை. மூன்று வருசம் கழித்து ஒரு தீர்ப்பாயம் 'எங்கேப்பா கோடு?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சதுப்பு நிலம் பிழைக்க வேண்டும். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் முங்குவது நம் வீடுதான், சுற்றுச்சூழல் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நம் கேள்வி வேறு. சதுப்பின் மேல் 200 அடிச் சாலை போட்டது யார்? பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது யார்? ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் கணினிப் பூங்காவுக்கும் அதன் நிலத்தைக் கொடுத்தது யார்? இவை சதுப்போடு கொண்ட உறவு 'வளர்ச்சி'. குடிசை சதுப்போடு கொண்ட உறவு 'ஆக்கிரமிப்பு'. கணிதத்தில் இரண்டுமே 'உள்ளே இருத்தல்'தான். ஒரே உறவுக்கு இரண்டு பெயர் வைப்பது கணிதத்தின் வேலை அல்ல, சாதியின் வேலை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் 'நீர்நிலைக்குள் இருக்கிறாய்' என்று சொல்லி அப்புறப்படுத்திய சனத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? 2000 முதல் கண்ணகி நகர். சுனாமியை ஒட்டிய வருசங்களில் செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். மூன்றுமே பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்நிலம். நீர்நிலைக்குள் இருந்தவனை வெளியே எடுத்து இன்னொரு நீர்நிலையின் மடியில் வைத்துவிட்டு, அதற்கு 'மறுவாழ்வு' என்று பெயர். நாளைக்குச் சதுப்பின் கோடு ஒரு கட்டம் தள்ளினால், அங்கேயும் நாம் 'உள்ளே'.

நிர்வாக எல்லையையும் பாருங்கள். இந்த மூன்று இடங்களில் வீடு கட்டத் தொடங்கியபோது மூன்றும் சென்னை மாநகராட்சிக் கோட்டுக்கு வெளியே இருந்தன. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. நகரத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாக்கடை அள்ளிய சனத்தை நகரத்தின் எல்லைக்கு வெளியே, எல்லையைத் தொட்டும் தொடாமலும் குடியமர்த்தினார்கள். இது ஊரும் சேரியும்தானே? சேரி என்ற சொல்லுக்குப் பதிலாக 'திட்டப்பகுதி' என்று எழுதிவிட்டால் உறவு மாறிவிடுமா? வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்தால் தூரம் குறைவாகத்தான் தெரியும். விடியற்காலை பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அந்த நேர்கோட்டால் என்ன பயன்? காக்கைதான் நேர்கோட்டில் பறக்கும்.

படத்தைக் கைப்பற்று

"தொழில்நுட்பம் நடுநிலையானது தோழர், மனிதர்கள்தான் மோசம்" என்கிற பேச்சு கல்லூரிகளில் கேட்கிறது. கட்டத்தின் அளவை யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வருசத்துப் படம் என்பதை யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளம் வந்த மாதத்துப் படமா, கோடையில் எடுத்த படமா என்பதில் ஏரியின் கரை நூறு அடி நகரும். நடுப்புள்ளி விதியா, தொட்டாலே உள்ளே என்ற விதியா? சில்லு யாரோடு சேர வேண்டும்? தேர்ந்தெடுக்கிறவர்களின் அறையில் நாம் இல்லாதவரை இந்த நடுநிலை அவர்களுடைய நடுநிலைதான்.

அதற்காகக் கணினியை உடைக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரையொட்டி கோல் ரன் என்று ஒரு கறுப்பர் குடியிருப்பு. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. வழக்குப் போட்டார்கள். வெள்ளையர் வீடுகள், கறுப்பர் வீடுகள், தண்ணீர்க் குழாய் என்று தனித்தனி அடுக்காக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீதிமன்றத்தில் காட்டினார்கள். குழாய் எங்கே நிற்கிறது என்பதைப் படமே சொல்லிவிட்டது. 2008இல் நடுவர் குழு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. நம்மை அடிக்கிற அதே 'தொடுகிறது, தொடவில்லை' என்ற கணக்கை அவர்கள் திருப்பி அடித்தார்கள்.

நம்மாலும் முடியும். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நம் தெருவை நாமே அளந்து படம் போட முன்அனுமதி தேவையில்லை. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். செல்போனில் புள்ளி எடுக்கலாம். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. 70 வார்டுகள். முதல் மேயர் பதவியே பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. நல்லது. அந்த 70 வார்டுப் படத்தின்மேல் சேரிகள், சுடுகாட்டுப் பாதைகள், மழைநீர்க் கால்வாய்கள், குடிநீர்க் குழாய்கள் என்ற அடுக்குகளை வைத்துக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டிய வேலை நம்முடையது.

நாம் கேட்பது இவை:

1. எந்த வெளியேற்றத்துக்கும் முன்னால், எந்தப் படம், எந்த வருசம், ஒரு கட்டம் எத்தனை மீட்டர், கோட்டின் பிழை எவ்வளவு என்று எழுத்தில் நோட்டீசிலேயே சொல்ல வேண்டும்.

2. கோட்டின் பிழைக்குள் விழுகிற எந்த வீட்டையும் 'உள்ளே' என்று எண்ணக்கூடாது. தரையில் கல் நட்டு, குடியிருப்போர் முன்னிலையில் அளக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் குடியிருப்பவருக்கே.

3. ஒரு நீர்நிலையின் எல்லையை அளந்தால் முழுவதையும் அளக்க வேண்டும். அரசு அலுவலகம், கல்லூரி, அடுக்குமாடி, குடிசை எல்லாம் ஒரே பட்டியலில் வர வேண்டும். பட்டியலின் கடைசியில் இருக்கும் குடிசையிலிருந்து இடிக்கத் தொடங்கக்கூடாது.

4. செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் யு.டி.ஆர்.க்கு முந்தைய 'அ' பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, பஞ்சமி நிலத்துக்குத் தனி அடுக்கு உருவாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும்.

5. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை சதுப்பின் எல்லையோடும் வெள்ளப் படத்தோடும் எந்த உறவில் இருக்கின்றன என்பதை அரசு வெளியிட வேண்டும். அங்கே சனத்தைக் கொண்டுபோய் வைத்தது அரசு. இன்னொரு முறை வெளியேற்றினால் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பும் அரசுதான்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கல்லூரிகளில் புவியியலும் கணினியும் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. ஆளுக்கு ஒரு சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். செல்போனோடு மூலைக்கு மூலை நடந்து புள்ளி எடுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். நடுவில் விழும் சில்லுகளைத் துடைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அதில் யார் எத்தனை வருசமாகக் குடியிருக்கிறார்கள் என்று அட்டவணையில் எழுதுங்கள். ஜேசிபி வரும் நாளில் தாசில்தார் தன் படத்தை விரிக்கும்போது, நம் சனத்தின் கையிலும் ஒரு படம் இருக்கட்டும்.